தண்ணி கேஸ்

சேரங்கோடு தேயிலை ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் கந்தன் மயங்கி விழுந்தார். வயது அறுபத்தெட்டு. சூப்பர்வைசர் ரவிச்சந்திரன் பத்தடி தள்ளி நின்றே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பெருசு காலங்காத்தாலயே தண்ணி போட்டிருக்கு. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

கந்தன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஆனால் விழுந்து கிடப்பவரிடம் போய் விசாரிப்பது அதிகாரிக்கு அழகா? ஆட்கள் அவரை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தீர்ப்புக்குச் சாட்சி தேடி ரவிச்சந்திரனும் பின்னால் போனார்.

நர்ஸ் சரிதா பிரஷர் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். காய்ந்த பலகை மாதிரி இருந்தது.

"ஐயா, தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"காலையில ஒரு கிளாஸ், வேலை முடிஞ்சு ஒரு கிளாஸ், மிஸ்ஸி." சிலோனில் பிறந்தவர், நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வார்.

"கேட்டுக்குங்க! அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு," என்று குறுக்கே பாய்ந்தார் ரவிச்சந்திரன்.

"எந்தத் தண்ணி ஐயா?"

"தேத்தண்ணிதான்."

வெறும் டீ என்றதும் ரவிச்சந்திரனின் முகம் வாடியது. ஒரு நல்ல குற்றவாளி கைநழுவினால் யாருக்குத்தான் வருத்தம் இராது!

"பச்சத் தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"இந்தக் குளிருல தாகம் எங்க எடுக்குது மிஸ்ஸி?"

"வயசானா தாகம் சரியாத் தெரியாதுங்க ஐயா. அது வரட்டும்னு காத்திருந்தா இப்படித்தான் விழுவீங்க. வெதுவெதுன்னு, கொஞ்சங்கொஞ்சமா, அப்பப்போ குடிக்கணும்."

"குடிச்சா ஒண்ணுக்கு வருமே. ஆபீஸ் கக்கூஸப் பூட்டி சாவிய இந்த சார்தான் வெச்சிருக்காரு. காட்டுப் பக்கம் ஒதுங்கினா ஆனை நிக்குது. கேட்ட உட்டு ரொம்ப தூரம் போனா மெமோ."

யானை, மெமோ, வறட்சி என்று நிர்வாகம் தாராளமாக மூன்று வழிகளைத் திறந்து வைத்திருந்தது. கந்தன் சத்தமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"என்ன ஆனாலும் டியூட்டியில தண்ணி குடிக்கணும்," என்றார் சரிதா.

"ஏனுங்க, டியூட்டியில தண்ணி குடிக்கணும்னு வெளிய சொல்லாதீங்க. மேனேஜர் என்ன நெனப்பாரு?" என்று பதறினார் ரவிச்சந்திரன்.

"இவர வேலைய விட்டு நிறுத்தினா நானே மேனேஜர்கிட்ட சொல்றேனுங்க. எதனால விழுந்தாருன்னு, கக்கூஸ் பூட்டோட சேத்து."

ரவிச்சந்திரனின் நெஞ்சில் அந்த நிமிடமே கருணை சுரந்தது. பெருசு, அண்ணனாகப் பதவி உயர்ந்தார்.

"நாளைக்கு நேரத்துல வந்துருங்கண்ணே. சாவி இனி கேட்டுலயே இருக்கட்டும்."

சரிதா டம்ளரை நீட்டினார். கந்தன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை ரவிச்சந்திரனிடம் நீட்டினார். சாவி உள்ளங்கையில் விழுந்த பிறகுதான் முதல் வாய் குடித்தார்.