வழி மேல் சந்தேகம்

சந்தேகம் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதரை மூக்கக்காவுக்குக் கண்டாலே ஆகாது. அவர் வாசலில் நிழலாடினால் போதும், இவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதற்கு அவளிடம் காரணமும் இருந்தது. அவளைப் பொறுத்தவரை நியாயமான காரணம்தான்.

எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தொட்டி என்றதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துவிடக்கூடாது. ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே இறக்கிவைக்கலாம் போன்ற இரும்புத் தொட்டிகள். எரிபொருளை எல்லாம் வெளியே எடுத்த பிறகும் அடியில் கசடு சேறாகக் கிடக்கும். அதை வழித்தெடுக்க ஆட்கள் உள்ளே போகவேண்டும். கசடைக் கிளறினால் ஆவி எழும்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி நிறைந்த இடத்தில் ஒரு பொறி பறந்தால் அதற்குப் பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவர் சட்டையிலும் நெஞ்சுக்கு நேராக உள்ளங்கை அளவில் ஒரு கேஸ் டிடெக்டர் தொங்கும். ஆட்கள் அதை மூக்கு என்பார்கள். மூக்குகளைச் சரிபார்த்து அனுப்புகிறவள் மூக்கக்கா. கோபமும் அவளுக்கு மூக்கு நுனியிலேயே நின்றதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. காலையில் முதல் காரியமாக டிடெக்டர்களை ஒரு தட்டில் அடுக்கி, வண்டிப் புகை எட்டாத பின்பக்கத்து வெளிக்குக் கொண்டுபோவாள். சுத்தமான காற்றில் வைத்துத்தான் பூஜ்யத்தைப் பதிய வேண்டும். புகையில் நிற்கவைத்து இதுதான் பூஜ்யம் என்று சொல்லிக்கொடுத்தால், பாவம், அது ஆயுசு முழுக்கப் புகையைச் சுத்தக் காற்று என்றே நம்பிக்கொண்டிருக்கும். பிறகு அறைக்குத் திரும்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் ஓடவிட்டு, சிலிண்டரின் காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிப்பாள். எரியும் கேஸும் விஷ வாயுவும் தெரிந்த அளவில் கலந்து அதில் இருக்கும். குட்டைக் குழாய் வழியாக அதை டிடெக்டருக்குக் காட்டுவாள். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு எண் ஏறும், டிடெக்டர் அலறும், எண்கள் சிலிண்டரில் எழுதியிருக்கிற அளவில் வந்து நிற்கும். நின்றால் பச்சை ஸ்டிக்கர்; நிற்காவிட்டால் அலமாரியின் கீழ்த்தட்டு.

அறைக் கதவில் ஒரு பலகையும் மாட்டியிருந்தாள். ஸ்பிரே, பாலிஷ், கைக்குப் பூசும் கிரீம் எதுவும் உள்ளே வரக்கூடாது. அவற்றில் பலவற்றில் சிலிகான் இருக்கும். எரியும் ஆவியை மோந்து பார்க்கும் சென்சாரில் அது படிந்தால் சென்சார் செத்துப்போகும். செத்ததைச் சொல்லவும் செய்யாது. திரையில் பூஜ்யம் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நல்ல காற்றிலும் பூஜ்யம்தானே காட்டும்? தெரிந்த கேஸைக் காட்டிப் பார்த்தாலொழிய இரண்டு பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கம்பெனி முதலாளியின் மனைவி ஒருமுறை வாசனைக் கிரீம் பூசிய கையோடு வந்தபோது, கை கழுவிவிட்டு வாருங்கள் என்று அந்த அம்மாளையே திருப்பி அனுப்பியவள் இவள்.

இவ்வளவு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே போகிறவர்களில் ஒருவன் அவள் தம்பி. அம்மா போனபிறகு இவள் இடுப்பில் வளர்ந்தவன்.

இப்போது சந்தேகத்துக்கு வருவோம். அவர் தொட்டியின் வாய்க்காவல். உள்ளே போகமாட்டார், வாயருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே போனவர்களின் கயிற்றையும் குரலையும் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. அவர் பையில் ஒரு குட்டிச் சிலிண்டர் எப்போதும் இருக்கும். மூக்கக்கா அன்று காலையில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை காய்வதற்குள், அதே டிடெக்டரை வாங்கித் தன் சிலிண்டரிலிருந்து ஒரு ஊது ஊதுவார். அது அலறினால்தான் ஆளை உள்ளே விடுவார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு டிடெக்டரையும். தம்பிக்கு இதில் பெரிய கேலி. எங்கள் அக்கா பார்த்து அனுப்பினது, அதற்கு மேல் என்ன ஊதல் என்பான். விதிப்படியும் அப்படி ஊதிப்பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மற்ற வாய்க்காவலர்கள் மூக்கக்காவின் ஸ்டிக்கரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஆளை உள்ளே விட்டுவிடுவார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அவள் கேட்டே விட்டாள்.

"ஏண்ணே, என் வேலை மேல உங்களுக்கு அவ்வளவு சந்தேகமா?"

அவர் டம்ளரை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உங்க மேல இல்லம்மா. வழி மேலதான். உங்க ரூம்லேருந்து தொட்டி வரைக்கும் நடுவுல ஒரு வழி இருக்குல்ல?"

அது இன்னும் சுட்டது. அந்த வழியில் டிடெக்டர் பெட்டியை ஏற்றிச்செல்லும் வேனை ஓட்டுகிறவன் அவள் கணவன். என்னைச் சொன்னது போதாதென்று என் வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொல்கிறாரே என்று குமைந்தாள். அந்த வாரம் அவர் தன் குட்டிச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று சொல்லியனுப்பியபோது, அலமாரியில் இரண்டு இருக்கும்போதே, சரக்கு வரட்டும், பார்க்கலாம் என்று பதில் அனுப்பினாள். வேண்டுமென்றேதான் செய்தாள். செய்துவிட்டு அன்று ராத்திரி நன்றாகவும் தூங்கினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் டிடெக்டர்கள் போயின. ஆன் செய்தபடியே பெட்டிக்குள் வைத்து அனுப்புவது வழக்கம். பெரிய தொட்டி, தம்பி குழுதான் முதலில் உள்ளே போகிறது. வேன் திரும்பி வந்தபோது கணவன் உபரியாகக் கொண்டுபோன ஒரு டிடெக்டரை அவள் மேசைமேல் வைத்து, பேட்டரி குறைந்திருக்கிறதாம் என்றான். சார்ஜ் போடுவதற்கு முன் பழக்க தோஷத்தில் ஒரு ஊது ஊதினாள். மற்ற எண்கள் ஏறின. எரியும் கேஸின் எண் மட்டும் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை.

குழாயை மாற்றினாள். சிலிண்டரை மாற்றினாள். அலமாரியில் இருந்த இன்னொரு டிடெக்டரை எடுத்து ஊதினாள். அது ஊரைக் கூட்டியது. ஆக, சிலிண்டரில் கோளாறு இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் இதே மேசையில் பச்சை ஸ்டிக்கர் வாங்கிய டிடெக்டர், வேனில் போய் வருவதற்குள் செத்திருக்கிறது.

அவள் எழுந்து போய் வேனின் கதவைத் திறந்தாள். திறந்ததும் பழவாசனை குப்பென்று அடித்தது. முன்பலகை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இருக்கை, தரை, டிடெக்டர் பெட்டியின் உட்புறம் எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தது மாதிரி மினுமினுத்தன. கணவன் பின்னாலேயே வந்து, நேற்று சாயங்காலம் உட்கார்ந்து செய்தேன் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நீதானே வண்டியெல்லாம் ஒரே தூசி, என் மிஷினுக்குள்ள போயிடும்னு திட்டின? அதான் ஒரு டப்பா முழுக்க அடிச்சுட்டேன்."

டப்பாவை எடுத்துப் பார்த்தாள். சிலிகான் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. யாரைத் திட்டுவது? அவள் மாட்டிய பலகை அறைக் கதவோடு நின்றுவிட்டது. வேனுக்கும் அது பொருந்தும் என்று அந்த மனிதனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தூசி என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவனும் பெண்டாட்டி சொல்லைத் தட்டாமல் செய்திருந்தான்.

தம்பி குழுவின் டிடெக்டர்களும் இதே பெட்டியில்தான் போயிருந்தன; அவள் அறைக்கு ஓடினாள். தொட்டிப் பக்கம் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது, எல்லாம் கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். கேட்டுக்குப் போன் போட்டாள். எடுத்த காவலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே வேறு ஆள் இல்லை, மாற்று ஆள் வந்ததும் நடந்துபோய்ச் சொல்கிறேன் என்றார். அவள் அலமாரியிலிருந்த நல்ல டிடெக்டரையும், கொடுக்காமல் வைத்திருந்த இரண்டு குட்டிச் சிலிண்டர்களையும் பையில் போட்டுக்கொண்டு, வேனில் ஏறமாட்டேன், ஸ்கூட்டரை எடுங்கள் என்றாள்.

அவன் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு விரைந்தான். அவள் பின்னாலிருந்து ஒரு கையை அவன் தோளில் வைத்திருந்தாள். மற்ற நாளாக இருந்தால் அவளுக்கு ஒரு தைரியம் இருந்திருக்கும். வாயில் சந்தேகம் உட்கார்ந்திருக்கிறார், ஊதிப்பார்க்காமல் விடமாட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம். இன்று அவர் ஊதுவதற்குக் கேஸ் இல்லை. இல்லாமல் செய்தது இவள். பச்சை ஸ்டிக்கரைப் பார்த்து அவரும் மற்றவர்களைப்போல விட்டிருந்தால்? பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் இன்றைக்கும் என்னை நம்பாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி ஒரு வேண்டுதல் தன் வாயில் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

தொட்டியின் நிழலில் குழு முழுவதும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. தம்பி ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கிடந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து புகார்ப் பட்டியலை விரித்தான்.

"பாருக்கா இந்த நியாயத்த. காலையிலேருந்து உட்கார வச்சிருக்கார். ஊத கேஸ் இல்லையாம், அதனால யாரும் உள்ள போகக்கூடாதாம். சூப்பர்வைசர் கத்திட்டுப் போறார். இவர் அசையல."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சந்தேகம் தொட்டியின் வாயை மறித்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நாலு பேரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

அவள் எழுந்து அவரிடம் போனாள். ஒரு சிலிண்டரை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஊதுங்கள் என்றாள். அவர் தம்பியின் டிடெக்டரை வாங்கி ஊதினார். விஷ வாயு எண் ஏறி அலறியது. எரியும் கேஸின் எண் பூஜ்யத்திலேயே இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். தம்பி எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தான். பிறகு அவள் நல்ல டிடெக்டரை முதலில் வெளிக்காற்றில் பார்த்து, சிலிண்டரிலும் ஊதிப்பார்த்து, நீளக் குழாய் மாட்டித் தொட்டியின் வாய்க்குள் விட்டாள். உள்ளே குழாய் போய்க்கொண்டிருக்கும்போதே அது அலறத் தொடங்கி நிற்கவில்லை. சுரண்டியும் விளக்கும் தம்பியின் காலடியில் தயாராகக் கிடந்தன.

அப்போதுதான் கேட்டுக் காவலாளி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து, யாரும் உள்ளே போகவேண்டாமாம் என்று செய்தி சொன்னார். தம்பிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அது அழுகையானது.

மூக்கக்கா சந்தேகத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, சிலிண்டர் எங்கிட்ட இருந்துச்சு. உங்க மேல இருந்த கோபத்துல குடுக்கல. நீங்க என் தம்பிய எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்க. இத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

அவருக்குப் பாராட்டு வாங்கிப் பழக்கமில்லை போலும். கையிலிருந்த சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி பாத்துதானே எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கணவன் தூரத்தில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டே நின்றான். தம்பி அவனிடம் போனான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஆனால் மாமாவின் தோளில் கைபோட்டு நிழலுக்கு இழுத்து வந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று மாமா என்று அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. சந்தேகம் தன் முக்காலியை அவள் கணவனுக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியின் வாயைத் தானே நின்றபடி மறித்துக்கொண்டார்.

அடுத்த நாட்கள் முழுக்க வேனைக் கழுவுவதிலேயே போயின. முன்பலகையிலிருந்து பாய் வரை கணவன் கழற்றித் தேய்த்தான். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். செத்த சென்சார்களை மாற்றினார்கள். அறைக் கதவில் இருந்த பலகையைப்போல இன்னொன்று வேன் கதவில் ஏறியது. வண்டி பழையபடி மங்கலாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனம் குளிர்ந்தது.

மீண்டும் வேலை தொடங்கிய காலையில் தம்பி பெட்டியை எடுக்க அவள் அறைக்கு வந்தான். அவள் ஸ்டிக்கர்களை ஒட்டி முடித்து, பெட்டிக்குள் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாசல் தாண்டியதும் மறுபடி கூப்பிட்டாள்.

"டேய், அங்க போனதும் மூக்க சந்தேகம் அண்ணன் கையில குடு. எங்க அக்கா பாத்து அனுப்பினதுன்னு மட்டும் சொல்லிடாத."