இருநூற்றுப் பதினான்காம் டோக்கன்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு நாளை முதல் வெந்நீர் குடிக்கக்கூட உதவாமல் போகட்டும். சத்தியம் செய்தாயிற்று. இனி நடந்தது.

மகள் அப்பாவின் வலது கை விரல்களைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டிய உடம்பு கூடத்துக் கட்டிலில் கிடந்தது. சுரங்கத்தின் கடைசி ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வந்தவர், "எட்டு மணிக்கு எழுப்பு" என்று சொல்லிப் படுத்தார். எட்டுக்கு எழுப்பினாள். நாற்பது வருடத்தில் அவர் சொன்ன நேரம் தவறியது அதுதான் முதல் தடவை.

"விடுடி, வலிக்கப்போவுது" என்றாள் அம்மா.

சுண்டுவிரல் மட்டும் அசைந்தது. உள்ளே பித்தளை மின்னியது. 214.

அப்பாவின் சுரங்க டோக்கன்; மகளுக்கு அந்த எண் தெரியும். இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு கொடுக்கும் விளக்கறையில் அவள்தான் எழுத்தர். நிலக்கரி வெட்ட இறங்குகிற ஆள் பலகையில் தன் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஏறி வந்ததும் திரும்ப மாட்டவேண்டும். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே. ஆள் உள்ளே இருக்கும்வரை சுரங்க வாயை மூடக்கூடாது, அரசாங்க விதி. இன்று காலை ஏறி வந்தவர்களெல்லாம் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். பலகையை எவன் பார்த்தான்?

நான்கு மணிக்கு மூடுவிழா. கான்கிரீட் வண்டி காலையிலிருந்தே வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அப்பாவையும் சேர்த்து நாற்பத்தோரு பேருக்கு வேறு சுரங்கத்துக்கு மாற்றல் உத்தரவு தருவதாக மூன்று மாதமாய் 'நாளைக்கு, நாளைக்கு' என்றே சொல்லிவந்தார் மேனேஜர். வாயை மூடியதும் அவர் தலைநகருக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் காற்றிடம்தான் கையெழுத்து கேட்கவேண்டும்.

மூன்று மணிக்கு மேனேஜரே வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அப்புறம்... அந்த டோக்கன்."

"எந்த டோக்கன் சார்?"

"இருநூத்திப் பதினாலு. அந்த ஆணி காலியா இருக்கு. விதிப்படி மீட்புக் குழுவை இறக்கித் தேடணும்."

"தேடச் சொல்லுங்க. அப்பா உள்ளதான இருக்காரு."

"இதோ படுத்திருக்காரும்மா."

"அது நீங்க சொல்றது. பலகை அப்படிச் சொல்லலியே."

வாசலில் மற்ற நாற்பது பேரும் கூடிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டை இயக்குகிறவர் எட்டிப் பார்த்தார். "அவரு நிதானமான மனுஷன் சார். தேடிக் கூட்டிட்டு வர ஒரு வாரம் ஆகும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் அவரையே பார்த்தாள். "மாத்தல் உத்தரவெல்லாம் உங்க வண்டியிலதான சார் இருக்கு?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரின் தகரப் பெட்டியை நகர்த்திப் போட்டாள். "மேசை இல்லை. இதும்மேல வச்சுக் கையெழுத்துப் போடுங்க."

பேனா தீயும் வேகத்தில் போட்டார். அந்த வேகத்தில் அப்பாவின் உத்தரவிலும் போட்டுவிட்டார்: திங்கள் காலை எட்டு மணிக்கு ஆஜராகவும். அம்மா அதை மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள்.

ஆனால் கை திறக்கவில்லை. சோப்பு போட்டார்கள், எண்ணெய் விட்டார்கள். மேனேஜர் மண்டியிட்டுக் கெஞ்சியே பார்த்தார். மூன்றே முக்கால்.

"ஆளே போய் மாட்டட்டும்" என்றாள் மகள்.

நாற்பது பேர் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேனேஜர் முன்னால் ஓடி வழி விலக்கினார். கான்கிரீட் வண்டி ஓட்டுநர் எதிரில் கட்டில் வருவதைப் பார்த்துவிட்டு, ஓடுகிற எஞ்சினை அப்படியே விட்டுக் குதித்தார்.

விளக்கறையில் மகள் அப்பாவின் கையைப் பலகைவரை உயர்த்தினாள். கட்டைவிரல் முதலாக ஒவ்வொரு விரலாய்த் தானே திறந்தது. டோக்கன் ஆணியில் விழுந்து, இரண்டு தரம் ஆடி நின்றது.

பழக்கதோஷம், அவள் முதல் வரிசையிலிருந்து எண்ணினாள். ஷிஃப்ட் முடிந்ததும் எழுத்தர் உரக்கச் சொல்லவேண்டிய வாசகம் ஒன்று உண்டு. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எல்லாரும் மேல வந்தாச்சு."

அந்தப் பலகையில் ஆணிகள் மொத்தமே இருநூறுதான். நாளை முதல் எனக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.