பதினேழாம் எண்ணுக்கு ஓய்வு

பத்தொன்பது வருடம் ஒரே பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிய மகராசன் என்று ஊரே லைல் க்ருப்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இன்று அவன் சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் விழா. ஸ்டீல்மென் அணியில் இனி யாரும் பதினேழைப் போட முடியாது. பேசவேண்டிய தாள் அவன் கையில் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. 'இந்த அணியை விட்டுப் போக ஒருநாளும் நினைத்ததில்லை' என்று அதில் ஒரு வரி.

பச்சைப் பொய். பதினாலாவது வருடம், கோப்பை ஜெயிக்கிற அணிக்கு என்னை மாற்றிவிடுங்கள் என்று முதலாளியின் காலில் விழாத குறையாகக் கேட்டவன் அவன். அந்த அணியின் டாக்டர் தோளைப் படமெடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். விஷயம் வெளியே கசியவில்லை. அடுத்த வாரமே நிருபர்களிடம், "சட்டை மாத்தற மாதிரி டீம் மாத்த நான் என்ன டார்னெல்லா?" என்று வாய் கூசாமல் கேட்டான்.

டார்னெல் ஓட்ஸ் பத்து வருடம் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி அவன் பந்தைப் பிடித்த கேட்சர். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவுக்காக அதற்கு முன்பே சொந்த ஊர் அணிக்குப் போனவன். க்ருப்கா போகப் பார்த்ததும் அதே அணிக்குத்தான். க்ருப்கா நிருபர்களிடம் அப்படிப் பேசியதிலிருந்து டார்னெல் இங்கே ஆட வந்தாலே மைதானம் ஊளையிடும். இன்று விருந்தாளியாக வந்தவனையும் விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா, பரீட்சைக்குப் போற பையன் மாதிரி வேர்க்குது?"

"டார்னெல், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வருஷம் நான்..."

"தெரியும்டா. எங்க டீம் ரூம்ல, என் பக்கத்து லாக்கர்ல உன் பேரை ஒட்டி வெச்சிருந்தாங்க. நிருபருங்க வர்றதுக்குள்ள நான்தான் பிச்சுப் போட்டேன்."

க்ருப்கா தாளை மடித்தான். "நான் உன்னை அவ்வளவு பேசினேனே. ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீ தரையில குத்தின பந்தையெல்லாம் யாருடா மறிச்சது? இது மட்டும் என்ன புதுசா?"

பெயர் சொல்லி அழைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மைக் வரை நடந்தான். நாற்பதாயிரம் பேர் எழுந்து அவன் பெயரைக் கத்தினார்கள். அந்தச் சத்தம் அவனுக்கு வேண்டியிருந்தது. தாளைப் பிரித்து, ஒரு வரி விடாமல் வாசித்தான்.

முதலில் கைதட்டியது டார்னெல். க்ருப்காவால் தலை நிமிர முடியவில்லை. எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று ஊர் இன்னும் பலமாகத் தட்டியது.