பொய் சொன்ன சேர்வர்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். இரண்டு மேசை, ஒரு ஏசி, அந்த ஏசியின் குளிரை முழுவதும் தானே அனுபவிக்கும் ஒரு சேர்வர் கணினி. இணையத்தளமும் மின்னஞ்சலும் வேண்டியவர்களுக்கு அந்த ஒற்றைச் சேர்வரில் இடம் வாடகைக்கு விடுவோம். முதலாளி ஒஸ்வால்ட் அண்ணை, கொட்டாஞ்சேனைக்காரர். மிச்ச வேலை எல்லாவற்றுக்கும் அருந்ததி, அதாவது நான். வெள்ளை வான்கள் கொழும்பில் ஆள் பிடித்துத் திரிந்த 2007ஆம் ஆண்டு அது.

வாடகை இல்லாமல் நாங்கள் இடம் கொடுத்தது செலீன் டீச்சருக்கு மட்டும்தான். துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய தம்பி பற்றிக் என்பவரை, கொட்டாஞ்சேனையில் பட்டப்பகலில் ஒரு வான் ஏற்றிக்கொண்டு போனது. பொலிஸும் கையை விரித்தது. ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் எழுதட்டும் என்று டீச்சர் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தார். சனிக்கிழமைகளில் வந்து, என் பக்கத்தில் கதிரையைப் போட்டு, வந்தவற்றை வாசித்துவிட்டுப் போவார்.

அதில் ஒரு மடல்தான் உயிர்மடல். சந்தியிலிருந்த பேக்கரியில் வேலை செய்த சவுந்தரநாயகம் அந்த வானின் இலக்கத்தைப் பார்த்திருந்தார். உள்ளே இருந்தவர்களில் ஒருவனையும் அடையாளம் தெரியும் என்று எழுதியிருந்தார். பாவி மனுசன், சொந்தப் பெயரைப் போட்டு, தங்கியிருந்த இடத்தையும் போட்டிருந்தார். அவருடைய சாட்சியத்தை டீச்சரின் வழக்கறிஞர் சத்தியக்கடதாசியாகத் தயாரித்துக்கொண்டிருந்தார். அது நீதிமன்றத்துக்குப் போனதும் சவுந்தரநாயகம் சென்னைக்குப் பறப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் அந்தப் பெயர் வெளியே போகக்கூடாது. போனால் அவரையும் தேடி இன்னொரு குடும்பம் எங்களுக்கு எழுதும்.

ஒரு நாள் காலை, புதிதாக இடம் வாடகைக்கு எடுத்த ஒருவனின் கோப்புகளைப் பார்த்த கையோடு ஒஸ்வால்ட் அண்ணையைக் கூப்பிட்டேன். ஏற்றுமதி வியாபாரம் என்று சொல்லி வந்தவன், எங்கள் கேர்னலின் எண்களை எடுத்து வைத்திருந்தான்.

கேர்னல் என்பது கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் அடித்தளம். அதற்குள் ஆயிரக்கணக்கான வேலைகள் இருக்கும். எந்த வேலை நினைவகத்தில் எந்த எண்ணில் குந்தியிருக்கிறது என்று காட்டும் கோப்பு ஒன்றை அந்தக் காலத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். கேர்னலில் எங்காவது ஓர் ஓட்டை இருந்து, இந்த எண்களும் கையில் இருந்தால், வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிடுவான். பிறகு எல்லாருடைய மடலும், சவுந்தரநாயகத்தின் மடலும், அவனுக்குத் திறந்த வீடு.

ஒஸ்வால்ட் அண்ணை ஒரே கட்டளையில் அந்தக் கோப்பை மற்றவர்களுக்குப் பூட்டினார்.

"சரி, முடிஞ்சுது" என்றார்.

"ஒண்டும் முடியேல்லை அண்ணை. இந்தச் சேர்வருக்கு எந்த சிடி போட்டனீங்கள்?"

அவர் முகம் வெளிறியது. இணைப்பு ஆமை வேகத்தில் ஊர்ந்த காலம். கொழும்பில் லினக்ஸ் தெரிந்த தமிழ் ஆட்கள் எல்லாரும் ஒரே சிடியைத்தான் கைமாற்றிக்கொண்டிருந்தோம். அதைப் போட்ட எந்தக் கணினியிலும் அதே கேர்னல், அதே எண்கள். அவன் எடுத்ததை அழித்தாலும், எங்களிடம் பூட்டினாலும், வேறெங்காவது பார்ப்பான்.

"அப்ப அவன்ட கணக்க மூடுவம்."

"மூடினா நாங்கள் கண்டுபிடிச்சது தெரிஞ்சுபோம். பிறகு ஆள் நேரை படியேறி வரும்."

"மடல எடுத்து ஒளிப்பம்."

"சிடியிலை எழுதிக்கொண்டு காலி வீதியாலை போகப்போறியளோ? எத்தினை செக்பொயின்ற்?"

எனக்கும் கோபத்துக்குக் குறைவில்லையே தவிர வழி தெரியவில்லை.

அந்த நேரம் கீழே வாசல் கேற்றடியில் பேச்சுக்குரல் கேட்டது. வீட்டுக்காரி கனகேஸ்வரி அக்காவிடம், திருகோணமலைப் பெடியன் ஒருவன் இங்கேதானே இருக்கிறான் என்று யாரோ சிங்களத்தில் விசாரித்தார்கள். பெடியன் பின்னறையில் சேர்ட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்றால் உள்ளே வந்து பார்ப்பார்கள் என்பது வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். "அவரா? கல்கிசைக்கு மாறிவிட்டாரே, ஸ்டேசனுக்குக் கிட்ட" என்று நல்ல சிங்களத்தில், சிரித்த முகத்தோடு வழி சொன்னார். வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் ஒஸ்வால்ட் அண்ணையைப் பார்த்தேன்.

"அந்தக் கோப்பைத் திறந்துவிடுங்கோ அண்ணை. கேர்னலை நாங்களே புதுசாக் கட்டுவம். உள்ளுக்கை எல்லா எண்ணும் மாறட்டும். பாக்கிறவைக்கு மட்டும் பழைய எண்ணைக் காட்டுவம்."

"பொய் சொல்லுற சேர்வரா? நீர் சொல்லுறது நடக்குமா?"

"கனகேஸ்வரி அக்கா இப்ப செய்தவதானே."

பகல் முழுவதும் அதில்தான் குந்தியிருந்தேன். மாற்ற வேண்டிய வரிகள் கொஞ்சம். பிழைவிட்டால் சேர்வரே எழும்பாது என்ற பயம்தான் பெரிது. புதியது தயாரானதும் ஒஸ்வால்ட் அண்ணை மெயின் சுவிட்சை அணைத்தார். போன் எடுத்தவர்களிடம் கரண்ட் போய்விட்டது என்றார். கொழும்பில் அதை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? கரண்ட் வந்ததும் சேர்வர் எழும்பியது. நான் பிள்ளையாரை நினைத்தேன், அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், சேர்வர் பொத்தென்று நின்றது. திரையில் கேர்னல் தன் கடைசி வாக்குமூலத்தை எழுதியிருந்தது. அதில் அந்த ஏற்றுமதிக்காரனுடைய புரோகிராமின் பெயர் இருந்தது. பழைய எண்ணை நம்பிப் பாய்ந்திருக்கிறான். அங்கே இப்போது வேறு ஏதோ வேலை குந்தியிருந்தது. பாய்ந்தவனோடு சேர்வரும் விழுந்தது. எங்களிடம் இடம் எடுத்திருந்த பௌஸி ஹாஜியார் கொம்பனித்தெருவிலிருந்து போனில் திட்டோ திட்டென்று திட்டினார். எல்லாத் திட்டுக்கும் சந்தோசமாக மன்னிப்புக் கேட்டேன். போனை வைத்துவிட்டுச் சேர்வரைத் திரும்ப எழுப்பினேன்.

அவன் பிறகு அந்தக் கணக்குப் பக்கமே வரவில்லை. சத்தியக்கடதாசி நீதிமன்றத்துக்குப் போனது. பற்றிக் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, செலீன் டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, நான் சவுந்தரநாயகம் கதைக்கிறன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போனிலை பேர் சொல்லாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"மெட்ராசிலை நிக்கிறன் அக்கா. இஞ்சை சொல்லலாம்."

போனை டீச்சரிடம் கொடுத்தேன். சாப்பிட்டீங்களா, இருக்க இடம் கிடைச்சுதா என்று விசாரித்தார்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி செய்யுங்க. பற்றிக்கிட பேரையும் அங்க ஒருக்காச் சொல்லுங்க. முழுப்பேர். சத்தமாச் சொல்லுங்க. இங்க என்னால ஏலாது."

கடல் தாண்டிச் சவுந்தரநாயகம் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னொருக்கா" என்றார் டீச்சர்.

ஒஸ்வால்ட் அண்ணை எழுந்து போய் ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்தினார்.