கன்னத்தோரம் ஒரு சிவப்புக் கட்டை

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் இருந்தவள் தன் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் பம்பரம், காலை நிறுத்துடி. டீ வாய்க்குப் போகுதா மூக்குக்குப் போகுதான்னே தெரியல. பெஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு?"

நிறுத்தினேன். கால் நின்றதும் கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் ஒழுகும் பழைய குழாய் போன்றது என் உடம்பு. வகுப்பில் எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவள் இவள்தான். பதிலுக்கு நான் அவளுக்கு வானொலி என்று வைத்தேன்.

அன்று எங்களுக்குச் செவித்திறன் சோதனையில் செய்முறைத் தேர்வு. எனக்கு அது இரண்டாம் முறை. முதல் முறை நேரத்தில் கோட்டை விட்டிருந்தேன். சோதனைக்கு வந்தவர் ஒரு முதியவர். அவர் சொன்ன எந்தப் பதிலையும் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்ததில், ஒரு காதைக்கூட முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. "சந்தேகம் நல்லதுதான். ஆனா நீ சந்தேகத்துலயே குடித்தனம் பண்றே" என்றார் எங்கள் மேடம். இந்த முறையும் தவறினால் அடுத்த வாய்ப்பு அரை வருடம் கழித்துத்தான். ஒரு மருத்துவமனையின் காதுப் பிரிவில் எனக்காக ஒரு வேலையைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். அப்பாவுக்கும் அத்தனை பொறுமை கிடையாது.

காலையில் கிளம்பும்போது அப்பா எதுவும் சொல்லவில்லை. நாளிதழை மடித்து மேசையில் வைத்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. எனக்கு அது போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே அவரைப் படிக்கக் கற்றவள் நான். செருப்பை எப்படிக் கழற்றுகிறார், சாவியை வைக்கிறாரா வீசுகிறாரா, தாடை எப்போது இறுகுகிறது. வார்த்தை வந்து சேர்வதற்குள் நான் அடுத்த அறையில் இருப்பேன். "சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சுடுவா, தங்கமான பொண்ணு" என்பார்கள் சொந்தக்காரர்கள்.

தேர்வாளர் வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்தார். காலையிலிருந்து அவர் வாயைத் திறந்தது கொட்டாவி விடுவதற்கு மட்டும்தான் என்று வானொலி துப்பறிந்து வந்து சொன்னாள். முதல் ஆள் வெளியே வருவதற்குள் அவருக்கு சைலன்ஸர் என்ற பெயர் தாழ்வாரம் முழுவதும் பரவிவிட்டது.

என் முறை வந்தபோது எனக்குக் கிடைத்தது நான்கு வயதுப் பெண் குழந்தை. உதவிக்கு உள்ளே உட்காரும் பொறுப்பு வானொலிக்கு.

குழந்தையின் அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பேசினாள். "பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாளாம் மேடம். காதுல ஒண்ணுமில்லன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. வீட்ல எல்லாம் நல்லாத்தான் கேக்குது. சாப்பிட வான்னா வரா, குளிக்க வான்னா ஓடுறா. சில நேரம் கல்லு மாதிரி உக்காந்திருப்பா. அவ அத்தைகிட்டேர்ந்து வந்த திமிரு."

"காய்ச்சல் ஏதாவது வந்துச்சாங்க?"

"போன மழைக்கு வந்துச்சு. ஆஸ்பத்திரில சேர்த்து ஊசி ஊசியா போட்டாங்க. இப்ப நல்லாயிட்டா."

குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கன்னத்தை உப்பினேன். அதுவும் உப்பியது. எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

சோதனை அறையின் கதவு ஒரு முழம் தடிமன். உள்ளே போனால் நம் குரலே காலடியில் விழுந்துவிடும். குழந்தையும் அம்மாவும் உள்ளே, நான் வெளியே கருவியின் முன்னால், நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். பெரியவர்கள் என்றால் ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்துவார்கள். குழந்தைகளுக்கு அதை விளையாட்டாக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மரக்கட்டையைக் கன்னத்தோரம் பிடித்திருக்க வேண்டும். 'கீ' என்று கேட்டதும் வாளிக்குள் போட வேண்டும். அவ்வளவுதான். நாற்காலி எப்போதும் சன்னலுக்குக் கோணலாக இருக்க வேண்டும், குழந்தைக்கு நம் கை தெரியக் கூடாது என்பது முதல் வாரப் பாடம்.

கோணலாகத் திருப்பியதும் குழந்தையின் உதடு பிதுங்கியது. என்னைத் தேடி எழுந்தது. வானொலியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "உன்னைப் பாத்தாத்தான் உக்காருவாளாம். நீ என்ன மருந்து போட்டே? இப்ப என்னடி பண்றது?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பின்னால் சைலன்ஸரின் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"நாற்காலியை என் பக்கம் லேசா திருப்பிக்கோ" என்றேன்.

அதன்பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒலியை அனுப்பினேன், கட்டை விழுந்தது. குறைத்தேன், விழுந்தது. இன்னும் குறைத்தேன், விழுந்தது. தாழ்ந்த ஒலியிலிருந்து, கீச்சென்ற உயர்ந்த ஒலி வரை வலது காது முடிந்தது. வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள், மெல்லிய ஒலியும் கேட்கிறது என்று காட்டும் மேல்வரிசையில், கொடியில் காயப்போட்ட கைக்குட்டைகள் போல ஒரே சீராக நின்றன. இடது காதின் நீலக் குறிகளும் அப்படியே. என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. மனதுக்குள் அப்பாவிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

கடைசி ஒலிக்கு முன்னால் வேண்டுமென்றே சற்று இடைவெளி விட்டேன். ஒன்றும் அனுப்பாமல் காத்திருப்பதும் சோதனையில் ஒரு பகுதிதான். கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினேன்.

டக்.

கட்டை வாளிக்குள் கிடந்தது. வானொலி கை தட்டும் பாவனையில் சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. ஹெட்போனுக்குள் எது போகிறது, எது போகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சைலன்ஸர் குனிந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு தவறான பதில் பெரிய விஷயமில்லை. குழந்தைகள் ஆர்வத்தில் போட்டுவிடுவார்கள். புத்தகத்திலேயே இருக்கிறது. மறுபடியும் அந்த முதியவர் கதையாகிவிடக் கூடாது, சந்தேகத்தில் குடித்தனம் பண்ணக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு கடைசி ஒலியையும் அனுப்பிக் கடைசி நீலக் குறியைப் போட்டேன். நேரம் இன்னும் மீதம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சைலன்ஸர் தலையை ஒருமுறை ஆட்டினார். அன்று அவர் யாருக்கும் அதைக்கூடச் செய்திருக்க மாட்டார்.

பெற்றோரிடம் முடிவைச் சொல்வதும் தேர்வில் அடக்கம். உள்ளே போனேன்.

"ரெண்டு காதும் நல்லா இருக்குங்க" என்றேன்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாம் நடிப்பு! நான் சொல்லல? வீட்டுக்கு வா, இருக்குடி உனக்கு இன்னைக்கு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செல்லமாகத் தட்டத்தான் கையை எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் கை மேலே வருவதற்கு முன்பே குழந்தை நாற்காலியில் பின்னால் நகர்ந்திருந்தது. அம்மா வாயைத் திறந்தபோது அல்ல. அம்மாவின் முழங்கை மடியிலிருந்து பிரிந்த அந்தக் கணத்தில்.

அந்த நகர்வு எனக்குத் தெரியும். அதை நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

இதே முகம்தான் இத்தனை நேரம் கண்ணாடிக்கு அப்பால் இருந்தது. அது கட்டையைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் என் வலது தோள் ஒரு நூல் மேலே போகும். "உன் தோள் பேசுதுடி" என்று மேடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கருவியின் முன் உட்கார்ந்தேன். விளையாட்டு முடியவில்லை என்று நினைத்துக் குழந்தை தானாகவே கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுபோயிற்று. பொத்தானைத் தொடாமல் தோளை மட்டும் உயர்த்தினேன்.

டக்.

இன்னொரு முறை.

டக். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த நேரத்தில் என் மனம் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இதை இப்படியே விட்டுவிடலாம். தேர்வு முடிந்த பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வாரம் இன்னொரு முறை வாருங்கள் என்று சொல்லலாம். வருவாளா? பள்ளிக்கு வேண்டிய தாள் கையில் கிடைத்தபின் எதற்கு வரப்போகிறாள்? அடுத்த வாரம் என்பது அடுத்த வாரம். இன்று சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறதே. இன்று சாயங்காலம் அந்த வீட்டில் அந்தக் குழந்தை, காது நன்றாகக் கேட்டும் கீழ்ப்படியாத குழந்தை. அப்படி என்று சொன்னவள் நான்.

எழுந்து நின்றேன். "சார், மறுபடி பண்ணணும்."

"எதை?"

"எல்லாத்தையும் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நேரம் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

சுவரில் காதின் உட்புறப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக் கண்ணாடியின் மேல் ஒட்டினேன். ஓரத்தில் என் ஒரு கண்ணுக்கு மட்டும் இடுக்கு விட்டேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் முழுக்கத் திருப்பச் சொன்னேன். குழந்தை அழுதது. நான் எங்கே என்று கேட்டது. வானொலி வாயை மூடிக்கொண்டு, கட்டையைத் தன் மூக்கின் மேல் நிறுத்தி நிறுத்தி விழவைத்துக் காட்டினாள். அழுகை அடங்குவதற்குள் எனக்கு மிஞ்சியிருந்த நேரத்தில் பாதி போய்விட்டது.

தாழ்ந்த ஒலிகளுக்குக் கட்டை விழுந்தது, முன்பைவிடச் சத்தம் கூட்டிய பிறகு. உயர்ந்த ஒலிகளுக்கு வந்தேன். அழுத்தினேன். கட்டை கன்னத்திலேயே இருந்தது. கூட்டினேன். கன்னத்திலேயே இருந்தது. மேலும் கூட்டினேன். குழந்தை சுவரைப் பார்த்தபடி, எதுவோ வரும் என்று முழு நம்பிக்கையோடு, சிவப்புக் கட்டையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தது. நான் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் என் தோள் உயர்ந்தது. காகிதத்துக்குப் பின்னால் அது யாருக்கும் தெரியவில்லை.

டயலை வெகுதூரம் திருப்பிய பிறகு கட்டை விழுந்தது. வரைபடத்தில் புதிய வட்டங்கள் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கின.

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சாச்சு" என்றார் சைலன்ஸர்.

"ஒரு காது பாக்கி சார்."

அவர் பேனாவை மூடவில்லை. எழுந்து போகவும் இல்லை. நான் இடது காதைத் தொடங்கினேன். முடிந்ததும் அவர் கேட்டார்: "முதல்ல நாற்காலியைத் திருப்பச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

எழுதிக்கொண்டார். "நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா தேர்ச்சி போட எனக்கு அனுமதி இல்ல. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"குழந்தையை நாளைக்கே அடுத்த சோதனைக்கு அனுப்பணும். அதுல நான் கையெழுத்துப் போடறேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அம்மா நம்பவில்லை. "கொஞ்ச நேரம் முன்னாடி நல்லா இருக்குன்னீங்க. இப்ப இல்லைங்குறீங்க. காது என்ன கரண்டா, வந்து வந்து போறதுக்கு?"

"முதல்ல நான் பண்ணினது தப்புங்க. அவ என்னைப் பாத்துப் பாத்துப் போட்டிருக்கா. மெல்லிசான சத்தமெல்லாம் அவளுக்குக் கேக்கல. அந்தக் காய்ச்சல்னால இருக்கலாம்."

"அப்ப நான் கூப்பிட்டா மட்டும் எப்படி வரா?"

"உங்க முகத்தைப் பாத்துட்டு வந்திருப்பா. உங்களைப் பாக்காதப்ப கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவள் குழந்தையின் பக்கம் திரும்பினாள். குழந்தை தரையில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "பாப்பா" என்றாள் அம்மா மெல்ல. குழந்தை அடுக்கிக்கொண்டிருந்தது. "பாப்பா." ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டை.

"அப்பதான் மேடம் அடிப்பேன்" என்றாள். "திரும்ப மாட்டேங்குறாளேன்னு."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். வானொலி பக்கத்தில் வந்தாள். "ஒரு தப்பு பதில்தானேடி. நான்கூட கவனிக்கல. விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"மூணு."

"முட்டாள்" என்றாள். டீ வாங்கி வரப் போனாள். எனக்கும் சேர்த்து.

போன் அடித்தது. அப்பா.

"என்னாச்சு?"

"போச்சுப்பா."

மறுபக்கம் சத்தமே இல்லை. போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டேன். நேரில் என்றால் இந்நேரம் தெரிந்திருக்கும். தாடையைப் பார்த்திருப்பேன், கையைப் பார்த்திருப்பேன், அதற்கேற்ற பதிலை எடுத்து வைத்திருப்பேன், அல்லது அடுத்த அறைக்குப் போயிருப்பேன். இப்போது எதிரே தாழ்வாரத்துச் சுவர் மட்டும்தான். தொண்டையைச் செருமும் ஒலி வந்தது. என் தோள் தானாக உயர்ந்தது. பெஞ்சு ஆடத் தொடங்கியது.

"மறுபடியும் நேரமா?" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது கோபமா, களைப்பா, வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை.

"ஆமாப்பா, நேரம்தான். ஆனா போனை வெச்சுடாதீங்க" என்றேன். கால் இன்னும் வேகமாக ஆடியது. "ஒரு குழந்தை வந்துச்சுப்பா. நாலு வயசு. அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கேக்குறீங்களா?"