செல்லமுத்துவின் படப்பெட்டி

பார்த்துக்கொள் என்று சொல்லி ஒரு பொருளைச் செங்கோடனிடம் கொடுத்துவிட்டால், கொடுத்தவனே வந்து திருப்பிக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் தருவார். அப்படி ஒரு மனிதர். கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் அவரை நம்பி எருமையை விட்டுப் போனவர்கள் உண்டு, தாலிக்கொடியை விட்டுப் போனவளும் உண்டு. ஆனால் மகன் செல்லமுத்து விட்டுப்போன பெட்டியைக் காத்ததுபோல அவர் வேறெதையும் காத்ததில்லை.

அது ஒரு தேக்குப் பெட்டி. உள்ளே இரண்டு கேமராக்களும், தோல் உறை போட்ட சில லென்ஸ்களும் இருந்தன. மலையின் செடிகொடிகளைப் படம் பிடிக்கிறேன் என்று வந்து வருஷக்கணக்கில் தங்கிவிட்ட ஒரு ஜெர்மன் துரையிடம் செல்லமுத்து எடுபிடியாக இருந்தான். துரை புதுக் கேமரா வாங்கியதும் பழசை எல்லாம் அவனுக்கே கொடுத்துவிட்டார். ஜெர்மனியோடு சண்டை மூண்டது, போலீஸ் வந்து துரையைக் கீழே கூட்டிப்போனது, அத்தோடு அவர் கதை முடிந்தது. பெட்டி மட்டும் செல்லமுத்துவிடம் தங்கியது. சேந்தமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோ வைத்து உட்கார வேண்டும் என்பது அவன் ஆசை. மிளகுக்கொடிக்கும் சாமைக் காட்டுக்கும் பிறந்தவனுக்கு இது எங்கிருந்து தொற்றியதோ தெரியாது. அதற்குக் கைமுதல் சேர்க்கத்தான், பட்டாளத்தில் ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பேரைக் கொடுத்தான்.

கிளம்புகிற அன்று காலையில் அவன் அம்மா சென்னம்மாளைப் பலாமரத்தடியில் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றுகொண்டான். தன்னோடு பட்டாளத்துக்குக் கிளம்பிய கூட்டாளி கருப்பண்ணனிடம் கேமராவைக் கொடுத்து, எங்கே அமுக்குவது என்று காட்டினான். சென்னம்மாள் முந்தானையைச் சரி செய்து முடிப்பதற்குள் கருப்பண்ணன் அமுக்கிவிட்டான். பிலிமில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. பிலிம் கிடைக்காத காலம் அது. பாதியில் எடுத்துக் கழுவச் செல்லமுத்துவுக்கு மனம் வரவில்லை.

"அப்பா, இதுக்கு ரெண்டே ரெண்டு பத்தியந்தான்," என்று பெட்டியை மூடிக் கொடுத்தான். "வெளிச்சத்துல கேமராவத் தொறக்கக் கூடாது. ஈரம் அண்டக் கூடாது. ஈரம் அண்டுனா கண்ணாடியில பூசணம் புடிச்சுப் போயிரும். நான் வந்து மிச்சத்தையும் எடுத்துப்போட்டுக் கழுவிக்கறேன்."

"நான் பாத்துக்கறேன் சாமி. நீ பத்திரமா வந்து சேரு."

கொல்லிமலையில் ஈரம் அண்டாமல் ஒரு பொருளை வைப்பது என்றால் சும்மாவா? ஐப்பசி பிறந்தால் மேகம் வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு தண்ணீராகும். உடுத்தின துணி உடம்பிலேயேதான் காய வேண்டும். வீட்டில் ஈரம் எட்டிப்பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான், அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பரண். விதைச் சாமை, விதை ராகி என்று அடுத்த வருஷம் முளைக்க வேண்டியதை எல்லாம் அங்கேதான் வைப்பார்கள். அடியில் எரிகிற நெருப்பும் புகையும் பூச்சியையும் பூசணத்தையும் கிட்டே விடாது. செங்கோடன் விதைக் குடுவைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, நட்ட நடுவில் பெட்டியை வைத்தார். வைத்துவிட்டு, "இனி மழ எத்தன பேஞ்சாலும் கவலையில்ல," என்று சென்னம்மாளிடம் சொல்லிச் சிரித்தார்.

மிளகு வாங்க மலையேறி வருகிற ஜமால் முகமது இடையில் ஒருமுறை பெட்டியைக் கேட்டார். நல்ல மனிதர், தராசில் விரலை வைக்காத வியாபாரி. "கேமராவுக்கு இப்பப் பஞ்சமுங்க. லென்ஸ மட்டும் குடுத்தாக்கூட வாங்கிக்கறதுக்கு நாமக்கல்ல ஆளு இருக்குது," என்றார். செங்கோடன் பெட்டியைக் கீழே இறக்கிக் காட்டக்கூட மாட்டேன் என்றுவிட்டார். "எம் பையன் பொருளு. அவன் வந்து விக்கட்டும், ஒடைக்கட்டும்." குரங்குப்பிடி என்று ஊரில் சிரித்தார்கள். அந்தக் கேலியில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செல்லமுத்து வரவில்லை. சண்டை முடிந்து கருப்பண்ணன்தான் வந்தான், ஆளே பாதியாக. மலையிலேயே தன் ஊரான குண்டூர் நாட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான். "அசாம் காட்டுல ரோடு போட்டுட்டிருந்தோமுங்க. காச்சல் வந்துச்சு. மருந்து வர்றதுக்குள்ள போயிட்டானுங்க. அங்கயே பொதைச்சுட்டோம்."

எந்த இடம் என்று செங்கோடன் கேட்டார். கருப்பண்ணன் கையை எங்கோ நீட்டப் பார்த்து, பிறகு இறக்கிக்கொண்டான். சென்னம்மாள் அழுத அழுகையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிறகு, பெட்டியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஊர்க்கவுண்டர் அப்பாசாமிக்கு, காரியம் செய்யாமல் விடக்கூடாது என்ற கவலை. "ஒடம்பு கெடைக்கல. அவன் பொழங்குன பொருளையாச்சும் காட்டோரத்துல வெச்சு மூடிப்போடுவோம். அவனுக்குன்னு ஒரு எடம் வேணுமில்ல," என்றார். செல்லமுத்துவின் வேட்டி சட்டை எல்லாம் அவனோடு போய்விட்டன. அவன் புழங்கியது என்று மிஞ்சியிருந்தது பெட்டிதான். ஜமால் முகமது, துக்கம் கேட்க வந்த இடத்தில் வியாபாரம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் புதைத்து யாருக்கு லாபம், விற்றால் கிழவனும் கிழவியும் இரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாமே என்றார். ஆளுக்கொரு யோசனை. மகன் வந்து கேட்காத பெட்டியை என்ன செய்வதென்று செங்கோடனுக்குத் தெரியவில்லை.

சுவரோரம் கிடந்த சென்னம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பொதைங்க, வில்லுங்க, என்னமோ பண்ணுங்க. அதுக்கு முன்னால அதுக்குள்ள இருக்கற எம் பையன வெளிய எடுத்துக் குடுத்துருங்க."

அவளே தொடர்ந்தாள். "கண்ண மூடுனா அவன் தவழ்ந்தப்ப இருந்த மூஞ்சிதான் வருது. போனப்ப இருந்த மூஞ்சி வர மாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வரல. எனக்கு அது வேணும்."

"நான்தானுங்க அமுக்கினேன்," என்றான் கருப்பண்ணன். "ரெண்டு பேரும் படத்துல நல்லா விழுந்திருப்பீங்கம்மா. கழுவுனா வந்துரும்."

மறுநாள் விடிந்ததும் செங்கோடன் பெட்டியைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலை இறங்கினார். கருப்பண்ணன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். வழியெல்லாம் பாறையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். சேந்தமங்கலத்தில் ஜமால் முகமது, நாமக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அப்பாஸ் அலியின் கடை அடையாளத்தைச் சொல்லி அவரை, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் நின்று நின்று போனது. செங்கோடன் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அப்பாஸ் அலி கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தார். துருத்திபோல மடிந்து விரிகிற கேமராவின் தோலைத் தொட்டார். மடிப்பு மடிப்பாக அது கையோடு உதிர்ந்தது. ஒரு லென்ஸை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். இன்னொன்றையும் பிடித்தார். பிலிம் இருந்த கேமராவை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார்.

செங்கோடன் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும், குழந்தைகள், தலைப்பாகை கட்டிய யாரோ. எல்லோரும் எவ்வளவு தெளிவாக இருக்கிறார்கள் என்று நினைத்தார். தன் மகனுக்கும் இப்படி ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கிப் போட வேண்டும் என்று தோன்றியது. சென்னம்மாள் படத்தை எங்கே மாட்டுவாள் என்றுகூட யோசித்துவிட்டார்.

அப்பாஸ் அலி வெளியே வந்தபோது ஈரம் சொட்டும் பிலிமைக் கையில் பிடித்திருந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கறுப்பு. பிலிமோடு சேர்த்துச் சுற்றியிருந்த காகிதம் நடுநடுவே ஒட்டிப் பிய்ந்திருந்தது.

"ஒண்ணும் வரலீங்களே," என்றார்.

"இன்னொருக்காக் கழுவிப் பாருங்க."

"இன்னி எத்தன கழுவினாலும் இதுதானுங்க." அப்பாஸ் அலி பிலிமைத் தொங்கவிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். "பெட்டிய எங்க வெச்சிருந்தீங்க?"

செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காவது அவரிடம் நல்ல பதில் இருந்தது. "அடுப்புக்கு மேல பரண்லீங்க. வெதை வெக்கற எடம். நாலு வருசத்துல சொட்டு ஈரம் அண்ட உடல."

அப்பாஸ் அலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. வெதை சூடு தாங்கும். பிலிம் தாங்காது. இந்த லென்ஸப் பாருங்க, ரெண்டு கண்ணாடிய ஒட்டி வெச்சிருப்பாங்க. அந்தப் பசை உருகி, வெடிச்சு, உள்ள பொரிஞ்சு கெடக்குது. இத யாரும் வாங்க மாட்டாங்க. ஈரத்துக்குப் பயந்து நெருப்புல வெச்சுட்டீங்க."

"அவன் ஈரந்தானுங்க சொன்னான். சூட்டப் பத்திச் சொல்லவே இல்லீங்களே."

சொன்ன பிறகுதான் செங்கோடனுக்கு உறைத்தது. செல்லமுத்து ஏன் சொல்லப் போகிறான்? அப்பன் பெட்டியைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல் வைப்பான் என்று அவன் கனவிலாவது கண்டிருப்பானா? எருமையைக் காத்தார், தாலிக்கொடியைக் காத்தார், பெற்ற பிள்ளையின் முகத்தை மட்டும் வேகவைத்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. முன்பின் தெரியாத மனிதர் எதிரில் அழுதார்.

அழுது முடித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. பெட்டியைப் பரணில் வைத்தது அவர் கை. ஆனால் அடியில் நெருப்பு மூட்டியது யார் கை? காலையும் மாலையும் சென்னம்மாள்தான் அடுப்பு மூட்டினாள். களி கிண்டினாள், தண்ணீர் காய்ச்சினாள், மகன் திரும்பி வந்தால் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டே விறகைத் தள்ளினாள். அது தெரிந்தால் அவள் பிழைக்க மாட்டாள். பிழைத்தாலும், இனி ஒவ்வொரு நாளும் அந்த அடுப்பின் முன்னால்தானே உட்கார வேண்டும்?

"ஏனுங்க, வேற எதனால பிலிம் இப்படிக் கருத்துப் போகும்?" என்று கேட்டார்.

"வெளிச்சத்துல தொறந்தாலும் இப்படித்தானுங்க கருக்கும்."

செங்கோடன் தலையாட்டினார். பெட்டியைத் திரும்பக் கட்டினார். அப்பாஸ் அலி கூலி எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வாசல் வரைக்கும் வந்து, பெட்டியைச் செங்கோடன் தலையில் தூக்கி வைத்தார்.

செங்கோடன் வீட்டை நெருங்கியபோது சென்னம்மாள் வழியிலேயே நின்றிருந்தாள். அவள் முதலில் பார்த்தது அவர் கையை. பிறகு மடியை. படம் எங்கே இருக்கும் என்று தேடினாள்.

"வரல புள்ள," என்றார். "தப்பு எம்மேலதான். எறங்கற வழியில, சுனைகிட்ட உக்காந்தேன். நாமக்கல் போற வரைக்கும் பொறுக்க முடியல. ஒரு தடவ பாத்துக்கலாமுன்னு கேமராவத் தொறந்துட்டேன். வெளிச்சம் பட்டு எல்லாம் போயிருச்சு."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், நெஞ்சில் அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அதற்கெல்லாம் தயாராகத்தான் மலையேறி வந்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

விற்பதற்கில்லை என்று ஆனபிறகு பேச்சு எதற்கு? மறுநாள் காட்டோரத்தில் குழி வெட்டினார்கள். கேமராக்களையும் லென்ஸ்களையும் பெட்டியிலேயே வைத்து இறக்கினார்கள். கறுப்பு பிலிமைச் சுருட்டி அதற்குள்ளேயே செங்கோடன் வைத்திருந்தார். அவன் முகம் ஏதோ ஒரு மூலையில் அதற்குள் இருக்கிறது என்பது அவர் நினைப்பு. அப்பாசாமி சொல்ல வேண்டியதைச் சொன்னார். கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

மிச்ச மண்ணைத் தள்ளச் செங்கோடன் மண்வெட்டியை எடுத்தபோது சென்னம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"தொறந்தப்ப அவன் தெரிஞ்சானா?"

செங்கோடன் தன் பொய்யை இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கவில்லை. கழுவாத பிலிமில் எதுவும் தெரியாது என்பது அவருக்கே தெரியாது. இல்லை என்று சொன்னால் அவளுக்கு எதுவுமே மிஞ்சாது என்று பட்டது.

"தெரிஞ்சான்."

"நல்லா?"

"நல்லாத்தான். கொஞ்ச நேரம். அப்பறம் கருத்துப் போச்சு."

"சிரிச்சுட்டு இருந்தானா?"

"ஆமா."

"பக்கத்துல நான் இருந்தனா?"

"இருந்தே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்துக்குப் பின்னால் மகன் இருப்பதுபோலப் பார்த்தாள். செங்கோடன் மகனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். மூக்கு வந்தது, கண் வரவில்லை.

"எனக்குக் காட்டாம நீங்க மட்டும் பாத்துட்டு வந்துட்டீங்க," என்றாள் சென்னம்மாள். குரலை உயர்த்தவில்லை. "இத நான் எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன்."

நான் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதைச் சொன்னால் பின்னாலேயே அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். செங்கோடன் குனிந்து மண்ணைத் தள்ளினார்.