பயிற்சியாளர் அழுத இரண்டு வாரம்

நாரின் நகரத்தில் பெண்களுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பவள் பெரிசாத். போட்டி ஒன்றில் காரை எலும்பு முறிந்தபோதுகூட, பல்லைக் கடித்துக்கொண்டு எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கியவள். அப்படிப்பட்டவள், மகன் பிறந்த நான்காம் நாள், எண்ணெயில் பொரித்த போர்சோக் அப்பம் ஒன்றைப் பார்த்து அழுதாள்.

மாமியார் சாய்ரா அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்துக் கொட்டியிருந்தாள். தட்டு நிறைய எல்லாம் புசுபுசுவென்று உப்பியிருக்க, ஒன்று மட்டும் ஓரத்தில் தட்டையாகக் கிடந்தது. பெரிசாத் அதையே பார்த்து விசும்பினாள்.

"என்னம்மா, மாவு வேகலையா?"

"இல்லத்தே. இது மட்டும் உப்பல. பாவமா இருக்கு."

சாய்ரா அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "இப்ப தட்டுல எல்லாமே உப்பினதுதான். சரியா?"

பெரிசாத் இன்னும் பெரிதாக அழுதாள்.

அதன்பின் நிறுத்தவே முடியவில்லை. கணவன் தாலாய் துவைத்த துணிகளைக் கோணல்மாணலாக மடித்து வைத்ததைப் பார்த்து அழுதாள். நாளைக்கு வெயில் அடிக்கும் என்று தொலைக்காட்சியில் சொன்ன பெண்ணின் குரலுக்கு அழுதாள். பிள்ளை கொட்டாவி விட்டால் அழுகை, தும்மினால் அழுகை. சில சமயம் சிரித்துக்கொண்டே அழுதாள். தாலாய் பயந்தது அதற்குத்தான். "உனக்கு என்னதான் குறை?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லியே!" என்று விம்முவாள். அது உண்மைதான். தனக்குள் எந்தக் குழாய் திறந்துகொண்டது, அதை எங்கே பிடித்து மூடுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

தாலாய் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். ஒன்பதாம் நாள் காலையில், கம்பத்தின் உச்சியில் இருந்தபடியே மச்சான் குபாத்துக்குப் போன் போட்டான். "மச்சான், உங்க தங்கச்சி எந்நேரமும் அழுதுக்கிட்டே இருக்கா. எங்கம்மாவும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டாங்க..." அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

கோச்கோரில் இருந்த குபாத்தின் காதில் விழுந்தது அவ்வளவுதான். அவனும் பழைய மல்யுத்தக்காரன், நூற்றிருபது கிலோ. தோலோன் கணவாயில் பனி இன்னும் முழுதாக இளகவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரப் பாதையை ஒன்றரை மணியில் கடந்து, பூட்ஸோடு நடுவீட்டில் வந்து நின்றான்.

"யாரு என் தங்கச்சிய அழ வச்சது?"

"மொதல்ல பூட்ஸக் கழட்டிட்டு வா. அப்புறமா சண்ட போடலாம்" என்றாள் சாய்ரா.

அவன் வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தான். கிழிந்த காலுறைக்குள்ளிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. உள்ளறையிலிருந்து வந்த பெரிசாத்தின் கண்ணில் முதலில் பட்டது அந்த விரல்தான்.

"அண்ணே, ஒரு காலுறைய தச்சுக் குடுக்கக்கூட உனக்கு ஆளில்லையே!" என்று ஓவென்று அழுதாள்.

"பாத்தீங்களா! என்னப் பாத்ததும் எப்படி அழறா! என்ன கொடும பண்ணீங்களோ!"

"கொடுமையா?" சாய்ராவின் கரண்டி கீழே விழுந்தது. "ஒம்பது நாளா நாந்தான் ஆட்டுச் சூப்பு வச்சு ஊத்துறேன். ஒரு தட்டுக் கழுவ விட்டிருப்பேனா அவள? பக்கத்து வீட்டுக்காரி செவுத்துல காத வச்சுக் கேக்குறா. இப்ப நீயும் வந்து..." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் உதடு துடித்து அழுகை வந்துவிட்டது.

பெரிசாத் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "அண்ணே, எங்கத்தைய ஒரு வார்த்த சொல்லாத! இவங்க தங்கம்!" கையிலிருந்த பிள்ளையை அண்ணனிடம் திணித்தாள். இன்னும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குபாத் குனிந்து பார்த்தான். மருமகன் அவனுடைய ஆட்காட்டி விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"பிடி எப்படிப் பிடிக்கிறான் பாரு" என்றான் குபாத். குரல் உடைந்துவிட்டது.

பிள்ளையை எடைபோட வந்த மருத்துவமனை நர்ஸ் ஜிபெக் கதவைத் திறந்ததும் திகைத்து நின்றாள். "ஐயோ, யாரு செத்தது?"

"யாரும் சாகல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் பெரிசாத், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

விஷயத்தைக் கேட்ட ஜிபெக் பெரிசாத்தை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள். "தூக்கம் வருதா? சாப்பிட முடியுதா? பயப்படுற மாதிரி ஏதாவது நெனப்பு வருதா? மறைக்காம சொல்லு."

பெரிசாத் யோசித்தாள். "பயம் இல்ல. தூக்கந்தான் பத்தல. எதப் பாத்தாலும் ரொம்ப அழகா இருக்கு அக்கா. என்னால தாங்க முடியல."

ஜிபெக் சிரித்துவிட்டாள். வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பிள்ள பெத்த ஒடம்பு, உள்ளுக்குள்ள எல்லாம் தலகீழா மாறுது. பாதிப் பேருக்கு மேல இப்படி அழத்தான் செய்வாங்க. ரெண்டு வாரத்துல தன்னால நின்னுடும். நிக்கலைன்னாலோ, மனசு இருட்டிக்கிட்டு வந்தாலோ, ஒடனே என்னக் கூப்பிடணும். இப்போதைக்கு மருந்து தூக்கந்தான். மத்தியானம் ரெண்டு மணி நேரம் பிள்ளைய யாராவது வச்சுக்கோங்க."

"நா வச்சுக்கிறேன்" என்றான் குபாத்.

சாயங்காலம் வாசலில் மச்சானின் காரைப் பார்த்ததும் தாலாய் வந்த வழியே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மெதுவாகக் கதவைத் திறந்தான். குபாத் கம்பளத்தில் மல்லாந்து கிடந்தான். அவன் மார்பில் பிள்ளை குப்புறத் தூங்கியது. அடுப்படியில் சாய்ரா அவனுடைய காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள," என்று கிசுகிசுத்தான் குபாத், "இனிமே கம்பத்த விட்டு எறங்கிட்டு அப்புறமா போன் பண்ணு."

அழுகை ஒரே நாளில் நிற்கவில்லை. பத்தாம் நாள் நான்கு முறை, பன்னிரண்டாம் நாள் இரண்டு முறை. பதினாறாம் நாள் ஜிபெக் வந்து கேட்டபோதுதான், முந்தாநாளிலிருந்து தான் அழவே இல்லை என்பது பெரிசாத்துக்கு உறைத்தது.

அன்று மாலை அவளிடம் பயிலும் நாலு பெண்கள் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடியாமல் வெளியாட்கள் வீட்டுக்குள் வரக்கூடாதே! மாவட்டப் போட்டியில் வாங்கிய பதக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினார்கள். கண் நிறைந்துவிடும் என்று எதிர்பார்த்துப் பெரிசாத் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள். எதுவும் வரவில்லை. பதக்கம் வாங்கியவள் கூன் போட்டு நிற்பதுதான் கண்ணில் பட்டது.

"ஏய், முதுக நேரா வை!" என்று போட்ட சத்தத்தில் உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. சன்னலுக்கு வெளியே நாலு முதுகும் ஒரே நொடியில் நிமிர்ந்தன. பெரிசாத் சிரித்தபடி பிள்ளையைத் தூக்க ஓடினாள்.